கொழும்பில் சிகிச்சை, திருகோணமலையில் பிரசவம்: சில கேள்விகள்

பிரசவ விடுதியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவாகும் கருவைக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

உப்புவெளி: மிஸி, ஐ.வி.எஃப் பிள்ளைகள் நோஞ்சானாக இருப்பார்கள் என்கிறார் மாமி. உண்மையா?

அம்முறையில் பிறந்த முதல் பிள்ளையான லூயிஸ் பிரவுண் 1978இல் பிறந்தவர். பிறகு சிகிச்சை எதுவுமின்றித் தாயாகவும் ஆனார் என்று மாமியிடம் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். 37 வாரத்துக்கு முன் பிறப்பதும் 2.5 கிலோவுக்குக் குறைவாக இருப்பதும் சற்றுக் கூடுதல்தான். பிறவிக் குறைபாடும் சிறிதளவு கூடுதல். ஆனால் பழி முழுவதையும் ஊசியின் மேல் போடாதீர்கள். நெடுநாள் காத்திருந்து, மருந்தே இல்லாமல் கருவுற்றவர்களிடமும் இந்தச் சிக்கல்கள் கொஞ்சம் அதிகம். வயதோ, சூலகக் கோளாறோ, பிள்ளையைத் தாமதமாக்கிய அதே காரணம் கர்ப்பத்திலும் வந்து நிற்கிறது.

மூதூர்: இவ்வளவு பணம் செலவழிக்கிறோம். இரண்டு முளையங்களை (வெளியே உருவாக்கிய கருக்களை) வைத்து இரட்டையாகப் பெற்றுவிட்டால் என்ன?

இந்த ஆசையை நிறையக் கேட்டிருக்கிறேன் தங்கச்சி. அதன் மறுபக்கத்தைக் குறைமாதக் குழந்தைகளின் அறையில் பார்த்திருக்கிறேன்: உள்ளங்கை அகல நெஞ்சு, மூச்சுக்குக் குழாய், கண்ணாடிக்கு வெளியே தாய். இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். தாய்க்கும் பிரஷர், இரத்தசோகை, பிரசவத்துக்குப் பின் பெரும் இரத்தப்போக்கு எல்லாம் கூடும். ஒன்றை வைத்து, மற்றதை உறையவைக்கச் சொல்லுங்கள். உறையவைத்ததைப் பின்னர் வைக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். ஹோர்மோன் மாத்திரையால் மட்டும் கருப்பையைத் தயார்படுத்தினால் பிரஷர் வரும் வாய்ப்புக் கூடுகிறது. மாதவிடாய் ஒழுங்காக வருபவரென்றால் அந்த மாத்திரை இல்லாமல், இயற்கையான மாதவிடாய்ச் சுற்றிலேயே வைக்கலாமா?

கிண்ணியா: முட்டை எடுத்த அன்றிரவே ரயிலேறி ஊர் வரலாமா?

மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், ஓர் இரவு தங்குங்கள். எனக்குக் கவலை அடுத்த சில நாட்கள்தான். முட்டைகளை வளர்க்கப் போட்ட ஊசிக்குச் சூலகம் அளவுமீறித் தூண்டப்பட்டால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். வயிறு உப்பும், வாந்தி வரும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டை எடுத்த திகதியைச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, இரத்தக்கட்டியாக இருக்கலாம்.

நிலாவெளி: எனக்கு விந்தணு மிகக் குறைவு. மகன் பிறந்தால் அவனுக்கும் வருமா?

வரலாம், தம்பி. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் வை குரோமோசோமில் சிறு பகுதி இல்லாததால் ஏற்பட்ட குறை என்றால், அது மகனுக்கும் போகும். சிகிச்சைக்கு முன்பே அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

திருகோணமலை நகர்: கர்ப்பவதி கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டுமா? கணவர் வேண்டாம் என்கிறார்.

சொல்லுங்கள். கரு கருப்பைக்குள் வராமல் சூலகக் குழாயில் தங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே ஸ்கான் பார்ப்பார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். பிரஷரைத் தடுக்கச் சிறு அளவு அஸ்பிரின் தேவையா என்பதை 12 வாரமளவில் முடிவுசெய்தாக வேண்டும். ஏழாம் மாதத்தில் சொல்லிப் பயனில்லை. ஒருமுறை இரத்தப்போக்குடன் வந்த பெண், எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் நின்ற மாமியாரைத் தேநீர் வாங்கிவர அனுப்பினேன். கதவு மூடியதும் முளையம் வைத்த திகதியைச் சொன்னாள், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து.