பூஞ்சணப் பொடி அடித்தும் வெள்ளை ஈ பறக்கிறதே!

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை கத்திரி போட்டிருக்கிறேன். இலைக்கு அடியெல்லாம் வெள்ளை ஈ. விஷம் வேண்டாமென்று நர்சரியில் 180 ரேண்ட் கொடுத்து, பூச்சியைக் கொல்லும் பெவேரியா என்ற பூஞ்சணப் பொடி வாங்கி அடித்தேன். மூன்று நாளாகியும் ஈ சாகவில்லை. ‘விற்றது விற்றதுதான்’ என்கிறார் கடைக்காரர். பணம் திரும்பக் கிடைக்குமா?
– சாட்ஸ்வொர்த் வாசகி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: மூன்று நாளில் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். இது பட்டதும் கொல்லும் மருந்து இல்லை. பூஞ்சண வித்து பூச்சி மேல் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே வளர வேண்டும். ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அப்புறம் இலையைப் புரட்டிப் பாருங்கள். செத்த பூச்சி மேல் அரிசி மாவு தூவியதுபோல் பூத்திருந்தால் மருந்து பிடித்துவிட்டது. (மாவுப்பூச்சி உயிரோடிருக்கும்போதே வெள்ளைதான், ஏமாந்துவிடாதீர்கள்.)

எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லையே. வெயில் இந்த வித்துகளைக் கொன்றுவிடும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். பூஞ்சணக் கொல்லியை இதோடு கலக்கவே கூடாது.

நீங்கள் வாங்கியது உயிருள்ள சரக்கு. உறைமோர் கெட்டிருந்தால் பால் தயிராகுமா? அதே கதைதான். நானே ஒரு முறை பாக்கெட்டை ஜனவரி வெயிலில் நாள் முழுக்கக் கார் டிக்கியில் விட்டுவிட்டு, அடித்த பிறகு ‘மருந்து சரியில்லை’ என்று திட்டியிருக்கிறேன்.

இப்போது பாக்கெட்டை எடுங்கள். உரம், பூச்சிமருந்து விற்பனைக்கான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டப்படி பெற்ற, ‘எல்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? எந்தப் பூச்சிக்கு என்ற இடத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா? முக்கியமாக, காலாவதித் தேதி என்ன? வாங்கிய அன்றே தேதி தாண்டியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது நீங்கள்தான், கடைக்காரர் இல்லை. சுவரில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் சட்டத்தை மீற முடியாது.

ரசீதையும் தேதி தெரியும்படி எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது.