பருத்திக்கு வளர்ச்சி ஒழுங்குபடுத்தி: மூடியைத் திறக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: பருத்தி விதைத்து 55 நாள் ஆகிறது. தொடர் மழைக்குப் பிறகு தழை மண்டிவிட்டது, சப்பையும் (பூமொட்டு) கொட்டுகிறது. மெபிகுவாட் குளோரைடு, என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) இரண்டையும் கலந்து அடிக்கலாமா?

பதில்: கலக்க வேண்டாம். செடி கருகினால் எதனால் என்றே தெரியாமல் போகும். இரண்டின் வேலையும் வேறு. மெபிகுவாட், செடியை நீளச் செய்யும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் அதற்குள் உருவாவதைக் குறைத்துக் கணுவிடைகள் (இரு கணுக்களுக்கு இடையிலுள்ள தண்டு) நீளுவதை அடக்கும். என்.ஏ.ஏ. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வகை, சப்பையும் பிஞ்சும் காம்போடு கழல்வதைக் குறைக்கும்.

முதலில் அளந்து பாருங்கள். நுனியில் விரிந்த இலையுள்ள கணுவிலிருந்து கீழே ஐந்து கணுவிடைகளின் மொத்த நீளத்தை அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். வயலின் பல இடங்களில் 20 செடியாவது பாருங்கள். சராசரி 4.5 செ.மீ. தாண்டினால் வளர்ச்சி மிஞ்சுகிறது, மெபிகுவாட் அடிக்கலாம். 3.5 செ.மீ.க்குக் கீழே என்றால் வேண்டவே வேண்டாம். நடுவில் நின்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி அளங்கள். ஏற்கெனவே நீண்ட கணுவிடையை எந்த மருந்தும் சுருக்காது. இனி வரும் கணுக்களில்தான் பலன் தெரியும், இலையும் கரும்பச்சையாகும். வாடிய செடி, வேர் நீரில் நிற்கும் செடி, சத்துக்குறைவால் வெளிறிய செடி ஆகியவற்றின் மீது அடித்தால் வளர்ச்சி முடங்கிக் காய்ப்பே குறையும்.

அளவுக்கு வருவோம். 5 சதவீத மெபிகுவாட்டில் ஒரு மில்லியில் 50 மி.கி. மருந்து இருக்கிறது. ஹெக்டேருக்கு 50 கிராம் மருந்து என்றால் ஏக்கருக்கு 400 மி.லி. அதை 200 லிட்டர் நீரில் கலந்தால் 10 லிட்டர் டேங்குக்கு 20 மி.லி. வரும். என்.ஏ.ஏ. 4.5 சதவீதக் கரைசலில் 40 பி.பி.எம். (லிட்டருக்கு 40 மி.கி.) வேண்டுமானால் அதே டேங்குக்கு 9 மி.லி. போதும். உங்கள் பாட்டிலின் சதவீதமோ லேபிள் அளவோ வேறாக இருந்தால் லேபிள்படியே போங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் ஊசிக்குழலால் அளங்கள், ஏனென்றால் என்.ஏ.ஏ. மிஞ்சினால் உதிர்வைத் தூண்டும் எத்திலீன் வாயு செடிக்குள் பெருகி, காக்க வேண்டிய பிஞ்சையே உதிர்த்துவிடும்.

சப்பை கொட்டுவதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். பருத்தி தான் வைக்கும் சப்பை, காய்களில் பாதிக்கு மேல் இயல்பாகவே உதிர்க்கும். உதிர்ந்தவற்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழுவோ துளையோ இருந்தால் அது பூச்சி வேலை, அதற்கு என்.ஏ.ஏ. உதவாது.

காற்றடங்கிய காலையில், கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தெளியுங்கள். அடுத்த சில மணி நேரத்தில் மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

டேங்கில் முன்பு 2,4-டி களைக்கொல்லி கலந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவினாலும் மிஞ்சும் துளிக்கே பருத்தி தாங்காது. சில நாளில் நுனி இலை குறுகி, நரம்புகள் நெருங்கி, வாத்துக் கால்போல விரியும். அப்போது பழி வளர்ச்சி ஒழுங்குபடுத்தியின் மேல் விழும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.