அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலத்து மாசசூசெட்ஸ் வக்கீல் ஜேம்ஸ் ஓட்டிஸ், தன் அப்பாவுக்குப் பதவி கிடைக்காத ஆத்திரத்தில்தான் அரசுக்கு எதிராக வாதாடினாரா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், யாரோ உங்களிடமும் "அவன் சொந்தப் பகையில் செய்தான்" என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அது நடந்திருக்கிறது.

நான் வக்கீல். ஒரு நிதி நிறுவனத்துக்கு ஆறு வருடம் பேனல் வக்கீலாக (அவர்கள் வழக்குகளை நடத்தித் தருகிற பட்டியலில்) இருந்தேன். ஒரு நாள் செக் வழக்கு போடச் சொல்லிப் பதினொரு கட்டு வந்தது. எல்லாம் குழுக்கடன் வாங்கிய பெண்கள். செக்குகளில் கையெழுத்து நீல மையில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடுங்கியிருந்தது. தொகையும் தேதியும் மட்டும் பதினொன்றிலும் கறுப்பு மையில் ஒரே கை. கையெழுத்து மட்டும் வாங்கிவைத்துப் பின்னால் நிரப்பியது தெரிந்தது. இருபதாயிரம் வாங்கியவர் பெயரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். மறுநாளே கட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, பேனலிலிருந்து விலகினேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் என் தம்பி அங்கே வேலைக்கு மனுப்போட்டுக் கிடைக்கவில்லை. அது உண்மை. எனக்கு வருத்தம் இருந்ததும் உண்மை. வக்கீல் சங்கத்தில் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மாதாமாதம் வந்த வருமானம் நின்றதை ஒருவரும் பேசவில்லை.

சரி, ஓட்டிஸ். மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றத்தில் அடுத்துக் காலியாகும் நீதிபதி இடம் அவர் அப்பாவுக்கு என்று முன்பு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 1760-ல் தலைமை நீதிபதி பதவி காலியானபோது அது தாமஸ் ஹட்சின்சனுக்குப் போனது. குடும்பத்துக்குக் கோபம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஓட்டிஸ் கடல் வணிக வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் அரசு வக்கீல். கடத்தல் சரக்கு தேடுகிறோம் என்று சுங்க அதிகாரிகள் யார் வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்கிற பொது ஆணைக்காக அவர்தான் வாதாட வேண்டியிருந்தது. பதவியை விட்டார். பாஸ்டன் வணிகர்கள் பக்கம் நின்றார், ஃபீஸ் வேண்டாம் என்றார். எதிர்த்தரப்பில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஜெரமையா கிரிட்லி. குருவுக்கு எதிரே எழுந்து நிற்பது எப்படி இருக்கும் என்று கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். 1761 பிப்ரவரியில் மணிக்கணக்கில் பேசினார். அந்த அறையில் இளம் வக்கீலாக உட்கார்ந்திருந்த ஜான் ஆடம்ஸ் (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்), சுதந்திரம் என்கிற குழந்தை அங்கேதான் பிறந்தது என்று முதுமையில் எழுதினார். வழக்கு என்னவோ தோற்றது.

நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, திருத்துகிறவர்கள் திருத்துங்கள். ஆனால் இதையும் பாருங்கள். 1769-ல் சுங்க ஆணையர் ஜான் ராபின்சனோடு நடந்த கைகலப்பில் ஓட்டிஸுக்குத் தலையில் பலத்த அடி. ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த மனம் அதற்கப்புறம் தேறவே இல்லை. ஜூரி 2,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. ராபின்சன் தரப்பு எழுத்தில் மன்னிப்புக் கேட்டதும், வழக்குச் செலவும் வைத்தியச் செலவும் போதும் என்று ஓட்டிஸ் மீதியை விட்டுவிட்டார். பகை வைத்து அலைகிறவன் செய்கிற காரியமா அது?