பழைய இரும்பில் செய்த ராட்சத ரோபோவை விற்பது எப்படி? கேள்வி பதில்

பழைய இரும்பில் சிற்பம் செய்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பட்டறை வைத்துச் செய்தும் விற்றும், விற்க முடியாமல் விழித்தும் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஓசூர் பக்கம் டூவீலர் மெக்கானிக் நான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ படங்களின் ரசிகன். செயின், ஸ்ப்ராக்கெட், பழைய ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்த்து ஒன்றரை வருஷமாக அதில் வருகிற மாதிரியே 11 அடி ரோபோ ஒன்று செய்து முடித்தேன். 600 கிலோ இருக்கும். என்ன விலை சொல்லலாம்?

விலை இருக்கட்டும் தம்பி, அது உன் பட்டறை ஷட்டரைத் தாண்டி வெளியே வருமா? நான் முதலில் செய்த பெரிய பொம்மைக்காக ஷட்டர் சட்டத்தையே அறுத்தேன். ஆள் நுழையும் வழியெல்லாம் சிற்பம் நுழையாது. இடுப்பிலும் தோளிலும் தடித்த தகட்டை வைத்து நட்டு போல்ட்டில் பிரிகிற மாதிரி மாற்று. விற்பனைக்கான பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

விலையைக் கிலோவில் பேசாதே. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 600 கிலோவுக்கு 18,000 தான். நாள் கணக்கைப் பார். 180 நாள் முழு வேலை, நாளுக்கு 1,000 ரூபாய் கூலி என்றாலே 1,80,000. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், கரன்ட், பிரைமர் எல்லாம் தனி. இந்தத் தொகைக்குக் கீழே இறங்கினால் கூலியே இல்லாமல் உழைத்ததாக ஆகிவிடும். ஆனால் வாங்குபவர் உன் உழைப்பைக் கணக்குப் பார்க்க மாட்டார். ஃபைபரில் செய்தால் எவ்வளவு ஆகும் என்றுதான் பார்ப்பார். அதனால் கிட்ட வந்து பார்க்கும்போது 'அட, இது ஸ்பார்க் பிளக்!' என்று சொல்ல வைக்கிற இடங்கள் முகத்திலும் நெஞ்சிலும் இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் அழுத்தத்தில் வாயுவும் இருக்கும். அதன் மேல் நேரடியாக வெல்டிங் வைத்தால் வெடிக்கும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். அடுத்த பொம்மைக்கு வெறும் ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துக்கொள்.

நானே கையால் செய்தது. பொம்மை கம்பெனி என்னிடம் வந்து சண்டை போடுமா?

கையால் செய்ததா மெஷினில் செய்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. நம் ஊர் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 14வது பிரிவில், ஓவியமாக இருப்பதை முப்பரிமாணமாக்கும் உரிமையும் உரியவருக்கே என்று இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை கம்பெனியின் சொத்து. ஆசைக்குச் செய்து வீட்டில் வைத்திருக்கும்வரை பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விலைச் சீட்டு ஒட்டினால் கதை மாறும்.

அமெரிக்காவில் ஒருவர் பேட்மேன் காரைப் போலவே கார் செய்து, ஒன்று சுமார் 90,000 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார். பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸ் வழக்குப் போட்டது. அந்தக் காரே பதிப்புரிமை உள்ள ஒரு கதாபாத்திரம்தான் என்று 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் தோற்றார். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் கம்பெனிகள் எப்படி யோசிக்கின்றன என்று அதில் தெரியும்.

பெயரையும் லோகோவையும் எடுத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். முகம் அதேதான் என்றால் போதாது. 'ரசிகர் படைப்பு' என்று எழுதி வைப்பதும் கேடயம் ஆகாது. என் யோசனை: இது உன் கைத்திறனைக் காட்டும் மாதிரியாக பட்டறையிலேயே நிற்கட்டும். அதைப் பார்த்து வருபவருக்கு உன் சொந்த ரோபோவைச் செய்து கொடு. அய்யனார் சிலையின் மீசையையும் வீச்சரிவாளையும் இரும்பில் யோசித்துப் பார், எந்தக் கம்பெனியும் கேட்க வராது.

மதுரையில் ஒரு ஹோட்டல்காரர், "கொண்டு வந்து வையுங்கள், வாடிக்கையாளருக்குப் பிடிக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா சார்?

வேண்டாம். இதே பேச்சை நம்பி ஒரு ஹோட்டல் வாசலில் எட்டடிக் காளை ஒன்றை இறக்கினேன். நான்கு மாதம் எல்லோரும் அதோடு நின்று போட்டோ எடுத்தார்கள். பிறகு "இடம் அடைக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒரு கொம்பு வளைந்திருந்தது. போக வர லாரி வாடகை என் தலையில்.

இப்போதெல்லாம் பாதிப் பணம் முன்னால், மீதி ஹைட்ரா கிரேன் சிற்பத்தைத் தூக்குவதற்கு முன்னால். இறக்கிய பிறகு பேரம் பேச நமக்கு வாயே இருக்காது. கிரேன் வாடகை யாருடையது, தரையில் ஆங்கர் போல்ட் அடித்துத் தருவது யார் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகள் கட்டாயம் ஏறுவார்கள். கூர்முனைகளை கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள்.

துருவோடு விடுவதா, பெயிண்ட் அடிப்பதா?

உள்ளே வைப்பதென்றால் துருவைத் தேய்த்துவிட்டு லேக்கர் (நிறமில்லாத மேல்பூச்சு) போதும். வெளியே என்றால் பிரைமர் அடித்துப் பெயிண்ட். கடலோர ரிசார்ட்டுக்கு லேக்கர் மட்டும் அடித்துக் கொடுத்தால் உப்புக்காற்றில் சீக்கிரமே உங்களுக்குப் போன் வரும்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். 11 அடி போகுமா?

படுக்க வைத்தால் போகும். உயரம் கூடிய 'ஹை கியூப்' கன்டெய்னரின் கதவே சுமார் 2.34 மீட்டர் அகலம், 2.58 மீட்டர் உயரம்தான். விரித்த கை மடங்கவோ கழலவோ வேண்டும். மரப்பெட்டியில் கட்டினால் அந்த மரம் பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதா என்று பாருங்கள். உள்நாட்டில் வெளி மாநிலம் என்றால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கோடு போகும் ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டு) கேட்பார்கள். ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் போட்டால் ஆயிரக்கணக்கில் லைக். வாங்க ஒருவரும் வரவில்லையே?

லைக் போடுபவர்களிடம் அதை வைக்க இடம் கிடையாது. பணமும் இடமும் உள்ளவர்களுக்குக்கூடச் சிக்கல் வரும். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் ஒரு பேராசிரியர் வீட்டு வாசலில் இப்படி இரண்டு ரோபோக்களை நிறுத்தி, அக்கம்பக்கத்தாரிடமும் அதிகாரிகளிடமும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள். உயரம், அகலம், எடை, எத்தனை துண்டாகப் பிரியும், விலை, எல்லாம் எழுதுங்கள். பைக் ஷோரூம், கஃபே, பொறியியல் கல்லூரி, ரிசார்ட் என்று நேரில் போய்க் காட்டுங்கள்.

அரசுப் பூங்காக்கள் வாங்குமா?

டெல்லியில் 2019ல் திறந்த 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்காவில் 150 டன் கழிவு இரும்பில் ஏழு உலக அதிசயங்களைச் செய்து வைத்தார்கள். அந்த மாதிரி வேலை, பட்டறையில் நிற்பதைப் பார்த்து வாங்குவதல்ல, திட்டம் போட்டுச் செய்ய வைப்பது. அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருப்பவரிடம் துணை ஒப்பந்தம் கேட்டுப் பார்க்கலாம்.

விற்கவே முடியவில்லை என்றால் காயலான் கடைதானா அண்ணா?

கல்லூரி விழா, மால் என்று வாடகைக்கு விட்டுப் பார். அதுவும் நடக்கவில்லையா, தலையை மட்டும் கழற்றித் தனியாக விலை சொல். 11 அடி ரோபோவுக்கு இடமில்லாதவரிடமும் ஒரு தலைக்குச் சுவர் இருக்கும். என் ரோபோ ஒன்றின் தலை இப்போது ஒரு சலூன் சுவரில் இருக்கிறது. உடம்பு என் பட்டறை மூலையில்தான் நிற்கிறது. அதன் கையில் வெல்டிங் ஒயரை மாட்டி வைக்கிறோம்.