எலியாகவே இருந்துவிட்ட சிறுவன்: வாசகர் கேள்வி – பதில்

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தை முன்னிட்டு, திரைப்படமாக்கப்பட்ட சிறுவர் நூல்களையும் பதின்ம வயதினருக்கான நூல்களையும் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருகோணமலை மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகன் தரம் எட்டில் படிக்கிறான். ஹரி பொட்டர் படங்கள் எட்டையும் மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் “கதைதான் தெரியுமே அப்பா” என்கிறான். படத்தை முதலில் காட்டியது என் பிழையா?
— தந்தை ஒருவர், தம்பலகாமம்

பதில்: பிழை என்று சொல்லமாட்டேன். படம் பார்த்த ஆசையில் நூலைத் தேடி நூலகத்துக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால், உங்கள் மகனுக்குக் கதை தெரியும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வந்த கதை 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களாயிற்று. கடைசி நூலை இரண்டு படங்களாகப் பிரித்தபோதும், வெளியே நின்றுவிட்டவை ஏராளம். பாடசாலைத் தாழ்வாரங்களில் குழப்படி செய்துகொண்டு திரியும் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் எட்டுப் படங்களில் ஒன்றிலும் தலைகாட்டுவதில்லை. நான்காம் நூலில் ஹரியின் தோழி ஹெர்மயனி, டொபியைப் போல வீடுகளில் கூலியில்லாமல் உழைக்கும் குள்ளர்களுக்காக ஒரு சங்கத்தை அமைத்து, அதற்குச் சின்னம் செய்து விற்று, நண்பர்களுடைய கேலிக்கும் ஆளாகிறாள். படத்தில் அந்தச் சங்கமே கிடையாது.

பக்கம் கூடினால் படமும் நீளும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. தொடரில் மிகப் பெரியதான ஐந்தாம் நூல் ஆங்கிலப் பதிப்பில் 766 பக்கங்கள். படமோ 2 மணி 18 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன் மூன்றிலொரு பங்கு அளவேயான இரண்டாம் நூல்தான், 2 மணி 41 நிமிடங்கள் ஓடி, எட்டிலும் நீளமான படமாயிற்று. நெறியாளர் எந்த இழையைப் பிடித்துக்கொள்கிறார், எதனை விட்டுவிடுகிறார் என்பதே இங்கு கணக்கு. ஆகவே, மகனிடம் நான்காம் நூலைக் கொடுத்து, “படத்தில் வராத ஆட்கள் எத்தனை பேர் என்று எழுதித் தா” என்று கேட்டுப் பாருங்கள். இது கொஞ்சம் தந்திரந்தான். ஆனால் எண்ணத் தொடங்கிய பிள்ளை இடையில் நிறுத்துவது அரிது.

கேள்வி: பத்து வயதான என் மகள், டெரபித்தியா என்ற கற்பனை நாட்டுக்குப் பாலம் அமைக்கும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாட்களாக அழுதாள். மாயாஜாலக் கதை என்று நம்பித்தான் நானும் போட்டுக் கொடுத்தேன். இப்படிச் சாவு வருகிற கதைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
— தாய் ஒருவர், உப்புவெளி

பதில்: முடிவுகளைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத இயலாது, கதைகளை இனிமேல்தான் அறியவேண்டியவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. 2007 இல் வந்த அந்தப் படத்துக்கான விளம்பரங்கள் அதனை அரக்கர்களும் அற்புதங்களும் நிறைந்த கற்பனை உலகக் கதைபோலக் காட்டின. உண்மையில் அது இரண்டு பிள்ளைகளின் சிநேகிதத்தையும், ஓடையைத் தாண்ட அவர்கள் பிடித்துத் தொங்கிய கயிறு ஒருநாள் அறுந்துபோனதையும் பற்றிய கதை. கத்தரீன் பற்றர்சன் 1977 இல் இந்நூலை எழுதியதற்குக் காரணம், அவருடைய சிறு மகனின் உற்ற சிநேகிதி மின்னல் தாக்கி இறந்ததுதான். அந்த மகன் வளர்ந்து, படத்தின் திரைக்கதையாசிரியர்களில் ஒருவராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தார். சாவை அகற்றிவிட்டு எடுத்திருந்தால் அந்தக் கதைக்கு எந்தத் தேவையும் இருந்திராது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது, ரோல்ட் டால் 1983 இல் எழுதிய சூனியக்காரிகள் பற்றிய நாவலின் முதற் படம். நாவலில் எலியாக மாற்றப்பட்ட சிறுவன் கடைசி வரைக்கும் எலியாகவே இருந்துவிடுகிறான். எலிக்கு ஆயுள் குறைவு என்பது அவனுக்குத் தெரியும். வயதான தன் பாட்டியும் ஏறக்குறைய அத்தனை காலந்தான் இருப்பாள் என்பதில் அவன் சந்தோஷப்படுகிறான். பெரியவர்களுக்கு இது கொடுமையாகப் படலாம். பாட்டியிடம் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இதை விளக்கவேண்டியதில்லை. 1990 இல் வந்த படமோ கடைசி நிமிடங்களில் சிறுவனை மறுபடியும் மனிதனாக்கிவிட்டது. டாலுக்கு அந்த மாற்றம் அறவே பிடிக்கவில்லை. 2020 இல் மீண்டும் எடுக்கப்பட்ட படத்தில், மற்றக் குறைகள் எப்படியிருந்தாலும், சிறுவன் எலியாகவே இருக்கிறான்.

ஒரு படம் நூலுக்கு விசுவாசமாக இருக்கிறதா என்பதை நான் பார்ப்பது இப்படித்தான்: எழுத்தாளர் எந்த இடத்தில் பிள்ளையை நம்பி உண்மையைச் சொன்னாரோ, அந்த இடத்தில் நெறியாளரும் பிள்ளையை நம்பினாரா? உடைகளின் நிறம், பாத்திரங்களின் முடி, விட்டுப்போன துணைக் கதைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். 1900 இல் வெளியான ஓஸ் நாட்டு மந்திரவாதியின் கதையில் டொரத்தி அணிவது வெள்ளிக் காலணி. 1939 இல் வண்ணப்படம் எடுத்தவர்கள், திரையில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதைச் சிவப்பாக்கினார்கள். அதனால் எந்தப் பிள்ளைக்கும் நட்டமில்லை.

உங்கள் மகளின் அழுகையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சார்லட் என்ற சிலந்தி, வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் காப்பாற்றிவிட்டுத் தனியே இறந்துபோகும் கதையை 1952 இல் எழுதிய ஈ. பி. வைற், பிற்காலத்தில் அதனை ஒலிப்பதிவுக்காக வாசித்தபோது, அந்தப் பக்கத்தை அழாமல் வாசித்து முடிக்கப் பல தடவைகள் முயலவேண்டியிருந்ததாம். 1973 இன் சித்திரப் படத்திலும் சரி, 2006 இன் படத்திலும் சரி, அந்தச் சாவை எவரும் மாற்றவில்லை. மகள் சற்றுத் தேறியதும் பற்றர்சனின் நூலை அவளுடன் சேர்ந்து வாசியுங்கள். படத்தில் விரைவாகக் கடந்துபோன அந்தத் துயரத்தை, நூல் ஆறுதலாக உட்கார்ந்து பேசுகிறது. அவசரம் வேண்டாம், அவளாகக் கேட்கும்வரை காத்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் பாடசாலை வாசிப்பு மன்றத்தில் ஒரு படம் காட்டி, பிறகு அந்த நூலை வாசிக்க வைக்க விரும்புகிறோம். எவற்றைத் தெரிவு செய்யலாம்?
— ஆசிரியர் ஒருவர், கிண்ணியா

பதில்: முதலில் நம் நாட்டுப் படம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் எழுதிய ‘மடோல் தூவ’ நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976 இல் படமாக்கினார். வீட்டை விட்டு ஓடிய உபாலியும் ஜின்னாவும் கொக்கலைக் களப்பின் நடுவே ஆளில்லாத் தீவொன்றில் குடியேறிப் பயிர் செய்யும் கதை அது. களப்பையும் கண்டல் காட்டையும் பார்த்து வளர்ந்த கிண்ணியாப் பிள்ளைகளுக்குத் தெற்கின் அந்தத் தீவு அந்நியமாகத் தோன்றாது. நாவல் தமிழிலும் வந்திருக்கிறது.

அடுத்தது டோட்டோ-சான். தெற்சுகோ குரோயனாகி தன் பாடசாலை நாட்களைப் பற்றி 1981 இல் எழுதிய இந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை ஆசிரியர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். பல ஆண்டுகளாகப் படமாக்க அனுமதிக்காதிருந்த ஆசிரியர் பின்னர் இணங்கி, 2023 டிசெம்பரில் ஜப்பானில் சித்திரப் படமாக வெளிவந்தது. ஓய்வுபெற்ற புகையிரதப் பெட்டிகளே அதில் வகுப்பறைகள். போலியோவால் கை கால் வலுவிழந்த தோழனை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றும் இடத்தில் உங்கள் மாணவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். 1945 இன் குண்டுவீச்சில் அந்தப் பாடசாலை எரிந்துபோவது வரை கதை செல்கிறது. எரிந்த பாடசாலைகளைப் பற்றி இந்த மாவட்டத்தில் எவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஒரு சிறு குறிப்பு: இடைவேளையில் நிறுத்தி, “இதன் பிறகு என்ன நடக்கும்?” என்று எழுதச் சொல்லி, மீதியை அடுத்த கிழமை காட்டுங்கள். அந்த ஏழு நாட்களுக்கும் நூலை மேசையில் வைத்துவிடுங்கள். பொது இடத்தில் திரையிடுவதற்குரிய அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுவது நல்லது.

கேள்வி: வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் சிறுவர் நூல்கள் படமாகின்றன. தமிழில் ஏன் இல்லை?
— வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்: அடியோடு இல்லை என்பதைவிட, நூலுக்கும் படத்துக்கும் இடையிலிருந்த பாதை துண்டுபட்டுவிட்டது என்றே சொல்வேன். வங்காளத்தில் சத்யஜித் ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் 1913 இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அவர் எழுதிய கூப்பி என்ற பாட்டுக்காரனும் பாகா என்ற மேளக்காரனும் வரும் கதையை ரே 1969 இல் படமாக்கினார். அதற்குமுன், நின்றுபோயிருந்த அந்த இதழை 1961 இல் மீண்டும் தொடங்கியவரும் அவரேதான். தான் எழுதிய துப்பறியும் கதையொன்றையும் 1974 இல் படமாக எடுத்தார். இதழும் எழுத்தும் படமும் ஒரே வீட்டில் இருந்தன.

நமக்கும் அப்படியொரு வீடு இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். 1947 இல் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கிய நாகிரெட்டியும் சக்கரபாணியுந்தான் ‘பாதாள பைரவி’யையும் (1951) ‘மாயா பஜார்’ஐயும் (1957) தயாரித்தவர்கள். அம்புலிமாமாவின் வேதாளமும் திரையின் கடோத்கசனும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். பின்னாளில் தமிழ்ப் படங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, பெரியவர்களுக்கான எழுத்துகளிலிருந்தே கதையை எடுத்தன. சிவசங்கரியின் சிறுகதையிலிருந்து 2001 இல் வந்த ‘குட்டி’, வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் சிறுமியைப் பற்றிய நல்ல படம்; எனினும் அது பிள்ளைகளுக்காக எடுத்த படமன்று.

பதின்ம வயதினரைப் பொறுத்தமட்டில், பொன்னியின் செல்வனைச் சொல்லவேண்டும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அக்கதையை அந்த வயதில்தான் நம்மவர்கள் வாசிகசாலைகளில் போட்டி போட்டு வாசித்தார்கள். 2022, 2023 ஆம் ஆண்டுகளின் இரு படங்களில் மணிமேகலை என்ற பெண் இல்லவேயில்லை. நாவலின் முடிவில் முடிசூடும் சேந்தன் அமுதனுக்கும் அந்த முடி கிடைப்பதில்லை. பூக்காரப் பையன் அரசனாகும் அந்தத் திருப்பத்தை இழந்தது எனக்கு இன்னும் ஆறாத குறை.

கேள்வி: ரொபின்சன் குரூசோவின் கதைக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் ரீச்சர் சொன்னார். உண்மையா? அதைப் படமாக எடுத்திருக்கிறார்களா?
— தரம் ஒன்பது மாணவி, மூதூர்

பதில்: உங்கள் ரீச்சர் சொன்னதில் உண்மை உண்டு, மகள். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காக, மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்து தங்கியது. 1660 இல் அதன் கப்பித்தான் ரொபர்ட் நொக்ஸும், அதே பெயருடைய அவருடைய மகனும், வேறு சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டு இறந்தார். மகன் 19 ஆண்டுகளின் பின், 1679 இல், அனுராதபுரத்தின் வழியாக மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடி, 1681 இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை இலண்டனில் வெளியிட்டார். டானியல் டீபோவின் நாவல் வந்தது 1719 இல். பசிபிக் தீவொன்றில் தனித்திருந்த செல்கேர்க் என்ற மாலுமியின் அனுபவமே அதற்கு முதன்மையான தூண்டுதல் என்பர். நொக்ஸின் நூலும் உதவியிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நொக்ஸை டீபோ வாசித்திருந்தார் என்பதில் ஐயமில்லை: அடுத்த ஆண்டு எழுதிய மற்றொரு நாவலில் அவருடைய கதையையே எடுத்துச் சொல்கிறார்.

குரூசோவைப் பலர் படமாக்கியிருக்கிறார்கள். அவற்றுள் நான் உங்களுக்குச் சொல்வது, ஸ்பானிய நெறியாளர் லூயிஸ் புனுவேல் மெக்சிக்கோவில் எடுத்து 1954 இல் வெளியான படத்தை. மனிதக் குரலைக் கேட்கவேண்டும் என்ற ஏக்கம் தாங்காமல், குரூசோ ஒரு பள்ளத்தாக்குக்கு ஓடிப்போய், வேதாகமத்தின் சங்கீதத்தை உரக்கக் கத்துகிறான். மலை அவனுடைய குரலையே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. டீபோவின் நூலில் இந்தக் காட்சி இல்லை. நொக்ஸின் நூலில் இதற்கு ஒப்பான ஓர் இடம் இருக்கிறது: சிறையிருப்பின்போது ஒரு கிழவர் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கொண்டுவர, தான் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கிக்கொள்கிறார். நொக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியில் நினைவுக்கல் நாட்டியது உங்கள் ஊரில்தான். ரீச்சரிடம் கேட்டு ஒருநாள் அங்கே போய்ப் பாருங்கள். போகும்போது நூலையும் எடுத்துச் செல்லுங்கள்.