ஃபேஷன் டிசைன் படிக்காமல், வழக்கத்துக்கு மாறான பெண்கள் உடைகளை மட்டுமே செய்து நிலைத்து நின்றவர் யாராவது உண்டா?

உண்டு. ஜப்பானின் ரே கவாகுபோ. 1942இல் டோக்கியோவில் பிறந்தவர், காம் தெ கார்சோன் பிராண்டைத் தொடங்கியவர். ஃபேஷன் கல்லூரிப் பக்கமே போகாதவர். "இதை யார் உடுத்துவார்கள்?" என்று பார்த்தவர்கள் கேட்ட உடைகளைச் செய்துகொண்டே ஐம்பது வருடங்களுக்கு மேல் தொழிலில் இருக்கிறார். ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள "மட்டுமே" என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் பெண்கள் உடைகளுக்குப் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சு, போடுபவள். ஓர் உடையைப் பார்த்தால் அழகா அசிங்கமா என்பதற்கு முன்னால் "இதை எப்படி வெட்டியிருப்பார்கள்?" என்றுதான் எனக்குத் தோன்றும். பதிலும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெயோ பல்கலைக்கழகத்தில் கலையும் இலக்கியமும் படித்துவிட்டு, 1964க்குப் பிறகு ஒரு ஜவுளி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்பு 1967இல் தனியாக ஸ்டைலிஸ்ட் ஆனார். படப்பிடிப்புக்கு வேண்டிய உடைகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை. மனதில் இருந்த மாதிரி உடை கடைகளில் கிடைக்கவில்லை, தானே தைக்க வைத்தார். 1969இல் அவை காம் தெ கார்சோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. 1973இல் அது நிறுவனமானது, 1975இல் டோக்கியோவில் முதல் பெண்கள் உடைக் காட்சி. தலை முதல் கால் வரை கறுப்பில் திரிந்த அவருடைய வாடிக்கையாளர்களை ஜப்பானியப் பத்திரிகைகள் காக்கைக் கூட்டம் என்று அழைத்தன.

அவருடைய கதையைப் பலரும் 1981இல் பாரிஸிலிருந்துதான் தொடங்குவார்கள். இன்னொரு ஜப்பானிய டிசைனரான யோஜி யமமோட்டோவும் அவரும் அங்கே போய்ச் சேர்ந்த வருடம் அது. அகன்ற தோளும் இறுகிய இடுப்பும் பளபளப்பும் உச்சத்தில் இருந்த காலம். இவர்கள் கொண்டுபோனதோ கறுப்பு, பிரிந்த ஓரங்கள், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய விளிம்பு. அணுகுண்டில் தப்பியவர்களின் கந்தலோடு ஒப்பிட்டு எழுதிய விமர்சகர்களும் இருந்தார்கள். குரூரமான ஒப்பீடு. ஆனால் அதற்குள் ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் அவருடைய உடைகள் விற்றுக்கொண்டிருந்தன. பாரிஸ் முகம் சுளித்ததால் அவருடைய கல்லா காலியாகவில்லை. கதையைப் பாரிஸில் தொடங்குபவர்கள் விட்டுவிடும் விஷயம் இது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1982இல் காட்டிய ஓட்டைகள் நிறைந்த கறுப்பு ஸ்வெட்டர் ரொம்பப் பிரபலம். பார்ப்பதற்கு அந்துப்பூச்சி தின்ற மாதிரி இருக்கும். ஆனால் பின்னல் துணியில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் இழை ஓடி உடையே பிரிந்துவிடும். இந்த ஸ்வெட்டரில் ஓட்டைகள் பின்னும்போதே வைக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் திட்டமிட்டது. துணியிலும் இதே கதைதான். இயந்திரம் நெய்வது பிசிறில்லாமல் ஒரே சீராக இருப்பது பிடிக்காமல், அங்கங்கே திருகாணியைத் தளர்த்திவிட்டு நெய்யச் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் ஸ்கெட்ச் போட்டுக் கொடுப்பதில்லை. ஒரு சொல் சொல்வார், அல்லது ஏதாவது ஒரு படத்தைக் காட்டுவார். ஒருமுறை கசக்கிய காகிதத்தைக் கொடுத்து, இந்தத் தன்மை உள்ள ஒரு பேட்டர்ன் வேண்டும் என்று கேட்டதாக ஒரு செய்தி உண்டு. எனக்கு யாராவது அப்படிக் கொடுத்தால் அன்றே ராஜினாமா எழுதிவிடுவேன். அங்கே அதை வாங்கி உடையாக்கிக் கொண்டுவரும் பேட்டர்ன் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். 1984இல் பேட்டர்ன் போடச் சேர்ந்த ஜுன்யா வாடனாபே 1992 முதல் அதே நிறுவனத்துக்குள் தன் பெயரில் உடைகள் செய்கிறார். கெய் நினோமியாவும் அதே அறையிலிருந்து வந்தவர்தான். ஆக, "படிக்காமல் முடியுமா?" என்றால், அவர் படிக்கவில்லை, சரி. அவரைச் சுற்றி இருந்தவர்கள் கைதேர்ந்த ஆட்கள்.

1997 வசந்த காலத்துக்கான உடைகளையும் சொல்லியாக வேண்டும். இழுபடும் கட்டம் போட்ட துணிக்குள் இறகு அடைத்த திண்டுகள். முதுகில் ஒன்று, இடுப்பின் ஒரு பக்கம் ஒன்று, தோளில் ஒன்று. உடம்பின் மேடு எங்கே இருக்கிறதோ அங்கே துணியை மடித்து டார்ட் பிடிப்பதுதான் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இங்கே மேடே இடம் மாறிவிட்டது. அப்போது பலர் கட்டி, கூன் என்று கேலி செய்தார்கள். நடன இயக்குநர் மெர்ஸ் கன்னிங்ஹாம் தன் குழுவுக்கு அதே மாதிரி உடைகளைக் கேட்டு வாங்கி, அந்த வருடமே மேடையேற்றினார்.

பணம் எங்கிருந்து வந்தது? இதைப் பேசாமல் அவருடைய தொழில் வாழ்க்கையைச் சொன்னால் அது பாதிக் கதைதான். நிறுவனம் அவர் கையிலேயே இருந்தது. பெரிய ஆடம்பரக் குழுமங்களுக்கு விற்கவில்லை. வணிகப் பக்கத்தைக் கணவர் ஏட்ரியன் ஜாஃபியும் சேர்ந்து பார்த்துக்கொண்டார். வாசனைத் திரவியங்கள் (1994 முதல்), பர்ஸ்கள், சட்டைகள் என்று சாதாரணமாக வாங்கக்கூடியவை ஒரு பக்கம் ஓடின. இரண்டு கண்கள் வரைந்த சிவப்பு இதயம் போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் அவருடைய நிறுவனத்துடையதுதான், 2002இல் வந்தது. 2004இல் பெர்லினில் ஒரு பழைய இடத்தை அதிகச் செலவில்லாமல் கடையாக்கி, ஒரு வருடத்தில் மூடிவிடும் திட்டத்தோடு திறந்தார். அதே வருடம் லண்டனில் டோவர் ஸ்ட்ரீட் மார்க்கெட் என்ற பெரிய கடை. அதில் போட்டி டிசைனர்களுக்கும் இடம் கொடுத்தார். 2008இல் மலிவு விலை உடைக்கடை நிறுவனமான எச் அண்ட் எம்முக்கும் ஒரு தொகுப்பு செய்தார். மேடையில் வருவதைப் பத்துப் பேர் வாங்கினாலும் கம்பெனி நிற்கும் என்ற ஏற்பாடு அவரே கட்டியது. நீங்கள் கேட்ட "மட்டுமே" இங்கேதான் அடிபடுகிறது.

எல்லாவற்றுக்கும் நான் கைதட்ட மாட்டேன். 1995இல் ஆண்களுக்கான காட்சியில் கோடு போட்ட பைஜாமாக்கள், மொட்டைத் தலை மாடல்கள். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாம் விடுவிக்கப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி அது நடந்தது; பார்த்தவர்களுக்கு அந்த முகாம் கைதிகளின் கோடு போட்ட உடைதான் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணமே இல்லை என்று சொல்லி உடைகளை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். எண்ணம் இல்லை என்பதை நம்புகிறேன். அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்பதுதான் என் கேள்வி.

2017இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருடைய சுமார் 140 உடைகளை வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. அங்கே உயிரோடு இருக்கும் ஒரு டிசைனருக்கு அப்படி நடந்தது 1983இல் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோரானுக்குப் பிறகு அதுதான்.

நீங்களும் இந்த வழியில் போக நினைத்துக் கேட்டிருந்தால், திண்டு வைத்த உடைகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். 2012 இலையுதிர்காலத் தொகுப்பின் படங்களைத் தேடிப் பாருங்கள். இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த கெட்டியான ஃபெல்ட் துணியில், காகிதப் பொம்மைக்கு வெட்டியது போல, முன்பக்கம் ஒரு தட்டை, பின்பக்கம் ஒரு தட்டை. பேட்டர்ன் கண்ணுக்கு நேராகத் தெரியும். மலிவான துணியில் ஒன்றை நீங்களே வெட்டித் தைத்துப் பாருங்கள். கழுத்தும் கைக்குழியும் எங்கே இழுக்கிறது என்பது போட்டதும் தெரிந்துவிடும்.