டபிள் கெப்புக்கு மடக்குக் கூரை: வாங்குவதா, செய்விப்பதா?

கேள்வி: என்னிடம் போர் வீல் டபிள் கெப் ஒன்று உள்ளது. ஆடி மாதத்தில் உகந்தைமலைக்கும், மற்ற விடுமுறைகளில் பொத்துவில், பாணமைப் பக்கமும் சென்று இரவு தங்குவது எங்கள் குடும்ப வழக்கம். பின்பெட்டியின் மேல், வேண்டும்போது தூக்கி நிறுத்தி உள்ளே படுக்கக்கூடிய மடக்குக் கூரையைப் பொருத்த விரும்புகிறேன். இறக்குமதியாகும் கூரையின் விலை எனக்குக் கட்டுபடியாகாது. ஊரிலுள்ள வெல்டிங் பட்டறையொன்றில் இரும்புப் பொக்ஸ் பாரும் (சதுரக் குழாய்) தகரமும் கொண்டு, அதில் பாதிக்கும் குறைந்த செலவில் செய்து தருவதாகக் கூறுகிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?
– கல்முனை வாசகர்

பதில்: ஊரிலேயே செய்விக்கலாம், இரும்பில் வேண்டாம். பட்டறைக்காரர் விலையைச் சொல்லியிருக்கிறார், எடையைச் சொல்லவில்லை. நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது எடையைத்தான்.

மேல்மூடி 2.2 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் தகரம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 7.85 கிலோ நிற்கும். ஆகவே தகடு மட்டும் 26 கிலோ. ஓர் அங்குலப் பொக்ஸ் பாரில் சுற்றுச் சட்டமும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தால் 12 மீற்றர் வரை தேவைப்படும் என்பதால், இன்னும் 14 கிலோ கூடும். நாற்பது கிலோ மூடியை ஒவ்வோர் இரவும் தூக்கி இறக்குவது ஒருபுறமிருக்க, அந்த எடை முழுவதும் வாகனத்தின் உச்சியில் அமர்வதால், பாணமைக்கு அப்பாலுள்ள பள்ளமும் மணலுமான பாதையில் வண்டி பக்கவாட்டில் ஆடும். அதே மூடியை 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் செய்தால் தகடும் சட்டமுமாக 24 கிலோவுக்குள் அடங்கிவிடும். எடையில் இரும்பின் மூன்றில் ஒரு பங்கான அலுமினியம், விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், இரும்புக்குப் போட்ட அதே அளவுச் சட்டத்தைப் போடாமல் சற்று உயரமான சட்டத்தைக் கேளுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்த வழி ஒன்றுண்டு. நமது கரையோரம் முழுவதும் பைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் கைகள் இருக்கின்றன. கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் கொண்டு, உட்புறம் விலா எலும்பு போல வரிகள் வைத்து, மேற்புறம் படகுகளுக்குப் பூசும் வழுவழுப்பான வெள்ளை ஜெல்கோட் பூச்சைப் பூசி மூடியை வார்க்க அவர்களால் முடியும். அது துருப்பிடிக்காது, மூட்டும் இல்லாததால் அங்கே ஒழுகாது. கடல் உப்பிலேயே கிடக்கும் பொருளைச் செய்பவர்களிடம் உப்புக் காற்றுக்கான கூரையைக் கேட்பதில் தவறென்ன? அலுமினியத்தைத் தெரிவு செய்தால், இரும்பு ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ நேரடியாக அதில் படாதவாறு இறப்பர் அல்லது நைலோன் வளையம் இடச் சொல்லுங்கள். இல்லையேல் ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்து, தகடு அரித்துப் போகும்.

இன்னொன்றையும் பட்டறையில் எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். டபிள் கெப்பின் பின்பெட்டி பொதுவாக ஒன்றரை மீற்றர் நீளமே கொண்டது. வளர்ந்தவர் அதில் கால் நீட்ட முடியாது. அதனால் மூடியை ஆட்கள் அமரும் கூண்டின் மேலாக முன்னுக்கு நீட்டுவார்கள். கூண்டும் பின்பெட்டியும் சட்டகத்தின் மீது தனித்தனியாக அமர்த்தப்பட்டவை. மேடுபள்ளத்தில் இரண்டும் வெவ்வேறாக அசையும். ஆகவே மூடியைப் பின்பெட்டியில் மட்டுமே பிணைத்து, கூண்டின் கூரைக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றராவது இடைவெளி விட வேண்டும். இரண்டிலும் முடுக்கினால், சில பயணங்களிலேயே எங்காவது வெடிப்பு விழும்.

பிணைச்சல் முன்பக்கம் இருக்கட்டும். பின்பக்கம் வைத்தால், ஓடும்போது கொக்கி கழன்ற கணத்திலேயே காற்று மூடியைப் பிய்த்துவிடும். கொக்கி இரண்டு வேண்டும். அவற்றுக்கும் மேலாக ஒரு பட்டியும் வேண்டும்.

செலவைக் குறைக்கக்கூடாத இடம் டிக்கி சொக், அதாவது மூடியைத் தள்ளித் தூக்கிப் பிடிக்கும் வாயு உருளை. பழைய வானிலிருந்து கழற்றியதைப் போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 24 கிலோ மூடியின் நடுநீளத்தில் இரண்டு சொக் பொருத்தி, மூடிய நிலையில் அவை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 235 நியூட்டன் தள்ள வேண்டும். அந்த எண் அதன் உருளையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 250 என்று போட்டதை வாங்கலாம். 500, 600 என்றிருப்பது இலேசான மூடியை வளைக்கும், பூட்டவும் விடாது. மூடிய நிலையில் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால் உள்ளிருக்கும் எண்ணெய், கசிவைத் தடுக்கும் இறப்பர் அடைப்பை நனைத்துக்கொண்டே இருக்கும். சொக் நெடுநாள் உழைக்கும்.

சுற்றுத் துணிக்குப் பிளாஸ்ரிக் தறப்பாள் மலிவு என்று நானே ஒருமுறை ஏமாந்தேன். மழையே பெய்யாத இரவில் எங்கள் மூச்சுக் காற்றின் ஈரம் உட்புறம் துளிர்த்து, விடியும்போது தலையணை நனைந்திருந்தது. பருத்தி கலந்த கன்வஸ் மூச்சுவிடும். தைத்ததும் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் உப்பி ஊசித்துளைகளை அடைத்துவிடும். நுளம்பு வலை வைத்த சாளரங்கள் எதிரெதிராக இரண்டு வேண்டும். உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது.

பெட்டியோடு வெல்ட் செய்யாமல், கழற்றக்கூடிய கிளாம்பு கொண்டு பூட்டுங்கள். வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்திலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.

கேள்வி: இதே போன்ற கூரைக்குப் பட்டறையொன்றில் முற்பணம் கொடுத்தேன். பெற்றுக்கொண்ட கூரை முதல் மழையிலேயே ஒழுகுகிறது. பற்றுச்சீட்டுத் தரவில்லை. என்ன செய்யலாம்?
– மட்டக்களப்பு வாசகர்

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை, இப்போதும் கேளுங்கள். ஒழுகும் இடத்தை, மேலிருந்து வாளியால் நீர் ஊற்றியபடியே காணொளியாக எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தித் தருமாறு நாள் குறித்துக் கடிதம் கொடுங்கள். பலனில்லையெனில் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்ற பட்டறைக்காரரின் தவணைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அதுவரை சிலிக்கன் பூசி நீங்களாகவே அடைத்துவிட வேண்டாம். குறை எங்கே இருந்தது என்பதைப் பிறகு காட்ட முடியாமல் போகும்.